தூக்கத்தைக் கெடுக்கும் பத்து வாரம்

கேள்வி: அமெரிக்காவில் உயிரியலில் பிஎச்.டி. முதல் ஆண்டு படிக்கிறேன். மூன்று ஆய்வகங்களில் ரொட்டேஷன் (ஒவ்வொன்றிலும் சில வாரம் வேலை பார்ப்பது) செய்துவிட்டுத்தான் கைடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் ரொட்டேஷனின் 10 வாரமும் வெஸ்டர்ன் பிளாட் என்ற, புரதத்தைக் கண்டறியும் சோதனையிலேயே போய்விட்டது, ஒன்றும் உருப்படியாக வரவில்லை. பேராசிரியர் என்னைச் சேர்த்துக்கொள்வாரா என்ற பயத்தில் தூக்கமே இல்லை. அடுத்த இரண்டில் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் நன்றாகத் தூங்குங்கள். 10 வாரத்தில் ரிசல்ட் வந்தாக வேண்டும் என்று நல்ல பேராசிரியர் யாரும் எதிர்பார்ப்பதில்லை. புரதத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடியில் கோளாறா, புரதத்தை ஜெல்லிலிருந்து சவ்வுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபரில் கோளாறா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தீர்களா, நோட்டில் ஒழுங்காக எழுதினீர்களா, தெரியாததைக் கேட்டீர்களா, இதைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் உங்கள் கடிதம் முழுக்க 'அவர் என்னை எடுப்பாரா' என்றே இருக்கிறது. ஐந்தாறு வருடம் அங்கே இருக்கப்போவது நீங்கள், அதனால் நீங்களும் அவரைப் பார்க்க வேண்டும். நான் ரொட்டேஷன் போன ஓர் ஆய்வகத்துக்குப் பெரிய பெயர். 10 வாரத்தில் பேராசிரியரை இரண்டே முறைதான் பார்க்க முடிந்தது, சேர்ந்தபிறகு சரியாகிவிடும் என்று நானே சொல்லிக்கொண்டு சேர்ந்தேன், சரியாகவில்லை, மூன்றாம் வருடம் வேறு ஆய்வகத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அங்கிருந்த சீனியர்களிடம் ஒரு காபி குடித்துக்கொண்டே பேசியிருந்தால் போதும், எல்லாம் தெரிந்திருக்கும். பாதியில் விலகிப் போனவர்கள் இருந்தால் அவர்களிடமும் பேசுங்கள்.

அப்புறம் பணம். பல இடங்களில் முதல் வருட உதவித்தொகையைத் துறை கொடுக்கும், அதற்குப்பிறகு கைடின் கிராண்டிலிருந்துதான், அதாவது அவர் தன் ஆய்வுக்கு வாங்கியிருக்கும் நிதியிலிருந்துதான். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.ஹெச். தரும் டி32 பயிற்சி நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான், மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. அதனால் கைடிடம் பணம் இருக்கிறதா என்ற கேள்வி, மாணவர் விசாவில் வரும் நமக்குக் கூடுதல் முக்கியம். என்.ஐ.ஹெச். ரிப்போர்ட்டர் தளத்தில் பேராசிரியரின் பெயரைப் போட்டால் அவருடைய கிராண்ட் எப்போது முடிகிறது என்று வரும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என்.ஐ.ஹெச். பேராசிரியர்களுக்குத் தரும் முக்கிய ஆய்வு நிதியான ஆர்01 கிராண்டே ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5 வருடம்தான். அடுத்த வருடம் முடிகிறது என்றால், புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம், அவர்களுக்கு இது பழகிய கேள்வி.

அடுத்த ரொட்டேஷன் தொடங்கும் முன்பே 'இந்த வருடம் புது மாணவரை எடுக்கிறீர்களா?' என்று மெயில் போட்டுவிடுங்கள். முதல் பேராசிரியரிடமும் இந்த வாரமே போய், இடம் இருக்கிறதா, என் வேலை எப்படி இருந்தது என்று கேட்டுவிடுங்கள்.