கமிஷன் யார் லிங்கில் விழுந்தது?

தம்பி, நேற்று அம்மாவோடு வந்தபோது நீ காட்டிய எக்செல் ஷீட் மனதை விட்டுப் போகவில்லை. வியாசர்பாடியில் ஒரு மாடி அறையில் நான்கு பேர் சேர்ந்து அஃபிலியேட் மார்க்கெட்டிங் செய்கிறீர்கள்; அதாவது, ஆன்லைன் கடைப் பொருளின் லிங்கைப் பகிர்ந்து, அதன் வழியே யாராவது வாங்கினால் கமிஷன் பெறும் வேலை. யார் லிங்கில் ஆர்டர் விழுகிறதோ அவருக்கே கமிஷன் என்பது உங்கள் கணக்கு. உங்களில் பொருட்களைப் பற்றி எழுதும் பெண் ஏன் விலகுகிறேன் என்கிறாள் என்பதற்கு அந்த ஷீட்டிலேயே பதில் இருக்கிறது.

அக்கம்பக்கத்து வீடுகளில் மூன்று மிக்ஸிகளில் சட்னி அரைத்துப் பார்த்து, எது சூடாகிறது, எது அடியில் தேங்காயை விட்டுவிடுகிறது என்று நான்கு நாள் உட்கார்ந்து எழுதினாள். அதைப் படித்தவர் இரண்டு நாள் கழித்து உன் டெலிகிராம் சேனலில் ஆஃபர் லிங்கைத் தட்டி வாங்கினார். பெரும்பாலும் கடைசியாக க்ளிக் ஆன லிங்குக்குத்தான் கமிஷன். அமேசானில் க்ளிக் செய்த 24 மணி நேரத்துக்குள் கார்ட்டில் சேர்த்தால்தான் கணக்கில் வரும். ஆக, பணம் உனக்கு, அவள் கட்டத்தில் பூஜ்யம்.

காசிமேட்டில் உன் மாமா படகுக்குப் போகிறார் என்றாயே, அவரிடம் கேள். டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு பிரிப்பார்கள். எந்த மீனை யார் கையால் தூக்கினார் என்று அங்கே யாரும் எண்ணுவதில்லை.

நீயும் முதலில் செலவைக் கழி. மீதியில் ஒரு பகுதியை எழுதுபவருக்கும் வீடியோ எடிட் செய்பவருக்கும் ஒதுக்கிவிட்டு, அப்புறம் லிங்க் கணக்குப்படி பிரி. யார் லிங்கில் ஆர்டர் வந்தது என்று காட்டும் டிராக்கிங் ஐடியை ஆளுக்கொன்றாகப் போட்டு, ரிப்போர்ட்டை நான்கு பேரும் பார்க்கிற மாதிரி வை. பொருள் ரிட்டர்ன் ஆனால் கமிஷனும் போய்விடும். அமேசான் பணம் கைக்கு வர மாதம் முடிந்து சுமார் 2 மாதம் ஆகும். அதனால் ஆர்டர் விழுந்த அன்றே யாருக்கும் தொகை சொல்லாதே. புதிதாக வரும் பையனுக்கு வேலை பிடிபடும் வரை, சிறியதானாலும் நிலையான தொகை கொடு. சேருவதற்கு அவனிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதே.

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. பி.காம். அரியரை முடிக்கும் வரை இதை மாலை வேலையாகவே வைத்துக்கொள்.

சனிக்கிழமை அந்தப் பெண்ணையும் அழைத்து வா. அதற்கு முன், அவள் பெயருக்கு நேரே என்ன எழுதப்போகிறாய் என்று அவளிடமே காட்டிவிடு.