ஒரு நாளுக்கு இரண்டு நாள்

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடமாகத் தினமும் ஆயிரம் சொல் எழுதி வந்தேன். பள்ளி வேலையால் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாயிரம் எழுதி ஈடுகட்டுவேன். மொபைலில் ஒரு செயலி எண்ணிக் காட்டும். இப்போது மூன்று மாதமாக ஒன்றும் வரவில்லை. எழுதியதைப் படித்தால் குமட்டுகிறது. இது பர்ன் அவுட்டா? ஓய்வெடு என்கிறார்கள். எத்தனை நாள்? அப்போது படிக்கலாமா? மொரீஷியஸில் தமிழில் எழுதுவதே சிலர்தான். நானும் நிறுத்துவது தப்பில்லையா?

ஒரு வாசகி, ரோஸ் ஹில்

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். தமிழ் உங்களை நம்பிக் கப்பல் ஏறவில்லை. படிக்கலாமா என்றால், பிடித்தால் படியுங்கள்.

பர்ன் அவுட் நோயல்ல, வேலையிடத்து நெருக்கடி தீராமல் நீடிப்பதால் வருவது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சரி, வேலையிடம் என்றால் முதலாளி வேண்டுமே. உங்களிடம் ஆயிரம் சொல் கேட்டது யார்? "மறுநாள் இரண்டாயிரம்" என்ற வரியைப் படித்ததும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. கொஞ்ச நாளாக நானும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் பூட்டன்மார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தபோது 'டபுள் கட்' என்று ஒரு சட்டம் இருந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி போய்விடும். ஆரம்ப காலத்தில் மாதக் கூலியே 5 ரூபாய். அதிலும் இப்படிப் பிடித்துப் பிடித்து, மாதக் கடைசியில் தோட்டத்துக்கே கடன்பட்டு நின்றவர்கள் உண்டு. நிற்காமல் வேலை வாங்க முதலாளிகள் கண்ட உபாயம் இது. படித்த பெண், வாத்தியார் வேலை பார்ப்பவர், அதை மொபைலில் ஏற்றிக்கொண்டு உங்களுக்கு நீங்களே நடத்துகிறீர்கள்! கோபம் வருகிறது. கோபத்தில் பாதி என்மேல்தான்.

1994 பிப்ரவரியில் ஹாலண்டா புயல். அப்போது ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன், தினம் மூன்று பக்கம். எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் பாதி பறந்துவிட்டது. கரண்ட் இல்லை. பகலெல்லாம் அப்பாவோடு கூரைமேல் ஆணி அடித்தேன். ஆறாம் நாள் ராத்திரி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு நோட்டில் கணக்குப் போட்டேன். ஐந்து நாள், பதினைந்து பக்கம் பாக்கி. தண்டனையோடு சேர்த்து முப்பது.

அப்பா எட்டிப் பார்த்தார். கரும்பு வெட்டியே கை காய்த்தவர். "யாருக்குடா கடன்?"

"எனக்குத்தான்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "உன் பூட்டனுக்காவது, பொழுது சாஞ்சா வேலை வாங்குற சர்தார் தன் வீட்டுக்குப் போயிடுவான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

நான் திருந்தவில்லை. முப்பது பக்கத்தையும் எழுதினேன். அதில் ஒரு மனிதர்கூடக் கதவைத் திறந்து உள்ளே வரவில்லை, எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். நாவல் அங்கேயே செத்தது. நான்கு மாதம் பேனாவைத் தொடவில்லை. அப்பாவோடு சேர்ந்து வீட்டுக்குப் பின்னால் பொம்தாமூர் போட்டேன். (தக்காளி என்று எழுதினால் நம் ஊரில் பாதிப் பேருக்குப் புரியாது.) புயலில் தோட்டங்கள் அழிந்து காய்கறிக்குத் தட்டுப்பாடு, நல்ல விலை போயிற்று. எழுதாத நாளை அந்த நோட்டில் குறிக்கவில்லை. மீதிப் பக்கங்களை அப்பா எடுத்துக்கொண்டு பொம்தாமூர்க் கணக்கு எழுதினார். கூட்டல் எல்லாம் தப்பு.

அதற்குப் பிறகு எழுதியது நல்ல நாவல் இல்லை, ஒரு சிறுகதைதான். ஆனால் அதில் ஒரு கிழவி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? எண்ணிக்கொண்டு இருந்தால் அது ஓய்வே இல்லை, அதுவும் நிலுவைதான். தைப்பூசத்துக்குக் காத்ர் போர்ன் மலைக்கோயிலுக்கு வருவீர்களானால் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போங்கள். செயலியை மொபைலிலிருந்து எடுத்துவிட்டு வாருங்கள். வாசலிலேயே கேட்பேன்.