யாரோ உடுத்திய கிமோனோ

கேள்வி: ஏப்ரல் மாதம் ஒசாகாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். பயணத்தின் நினைவாக ஜப்பானியரின் உடையான கிமோனோ ஒன்று வாங்கி வர ஆசை. புதியதின் விலையைக் கேட்டதும் ஆசையே போய்விட்டது. பழையது வாங்கலாம், கியோட்டோ சந்தையில் 1,000 யென்னுக்குக்கூடக் கிடைக்கும் என்கிறாள் மகள். ஆனால் அவளே ஒரு கடையில் பார்த்த பழைய கிமோனோ 28,000 யென் என்று படம் அனுப்பியிருக்கிறாள். என் மாமியாரோ, “யாரோ உடுத்தியது, செத்தவர் துணியாகக்கூட இருக்கும், வீட்டுக்குள் கொண்டு வராதே” என்கிறார். வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது? இங்கே வந்து சுடிதாராகத் தைத்துக்கொள்ளலாமா?
ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்குங்கள். ஆனால் மாமியார் சொல்வதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். அந்தச் சந்தைக்கு வரும் கிமோனோக்களில் நிறைய, வீட்டை ஒழிக்கும்போது வெளியே வந்தவைதான். பாட்டி காலமான பிறகோ, முதியோர் இல்லத்துக்குப் போன பிறகோ, பிள்ளைகள் மொத்தமாக வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார்கள். பேத்திக்கு அதை உடுத்தத் தெரியாது. வைக்கவும் இடம் இல்லை.

ஆனால் அப்படி வந்ததெல்லாம் உடுத்திய துணி என்று நினைத்துவிடக் கூடாது. நம் வீடுகளில் பெண்ணுக்குப் பட்டுப்புடவைகளை அடுக்கி அனுப்புவதுபோல, அங்கேயும் மரப்பெட்டி நிறையக் கிமோனோக்களை அடுக்கிச் சீராக அனுப்பும் வழக்கம் இருந்தது. கல்யாணத்துக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று, விருந்துக்குப் போக ஒன்று. காலம் மாறியது, பெண்கள் பாவாடை, சட்டைக்கு மாறினார்கள். பெட்டியில் போனது பெட்டியிலேயே கிடந்தது. ஒருமுறைகூட உடம்பில் ஏறாத கிமோனோ சந்தைக்கு வருவதன் கதை இதுதான்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கையின் ஓரத்திலும் கீழ்விளிம்பிலும் பாருங்கள். வெள்ளை நூலில், நீள நீளமான ஓட்டுத்தையல் ஒன்று துணியின் மேலேயே ஓடும். தைத்த மடிப்பு கலையாமல் இருக்கத் தையற்காரர் போட்டது. ‘ஷித்சுகே’ என்று பெயர். முதல்முறை உடுத்துவதற்கு முன்பு அதை உருவிவிட வேண்டும். அந்த நூல் இருக்கிறது என்றால் பெரும்பாலும் யாரும் உடுத்தவில்லை என்று பொருள். மாமியாருக்கு நான் சொல்லும் பதில் அந்த வெள்ளை நூல்தான்.

இனி, எங்கே என்பது. கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடையில் தோஜி கோயில். கோபோ தைஷி என்று ஜப்பானியர் வணங்கும் துறவி கூகாய் 835ஆம் ஆண்டு, மூன்றாம் மாதம் 21ஆம் நாள் மறைந்தார். அந்தத் தேதியை வைத்து மாதந்தோறும் 21ஆம் தேதி கோயில் வளாகத்தில் சந்தை கூடுகிறது. ஊர்க்காரர்கள் அதைக் ‘கோபோ சான்’ என்பார்கள். 25ஆம் தேதி கித்தானோ தென்மாங்கு கோயிலில் இன்னொரு சந்தை. ஒசாகாவிலிருந்து விரைவு ரயிலில் கியோட்டோ அரை மணி நேரம்தான். இந்த இரண்டு தேதிகளும் உள்ளே விழுகிற மாதிரி டிக்கெட் எடுத்துவிடுங்கள். காலையிலேயே போய்விட வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பில் மலைபோலக் குவித்திருப்பார்கள்; குனிந்து கிளறித்தான் எடுக்க வேண்டும். முழங்கால் வலி உண்டென்றால் மகளைக் கிளறச் சொல்லுங்கள்.

கையில் எடுத்ததும் வெளிப்பக்கத்தை மறந்துவிட்டு உள்பக்கத்தைத் திருப்புங்கள். பூவும் கொக்கும் உங்களை மயக்கத்தான் போகின்றன. குறைகள் எல்லாம் உள்ளேதான் இருக்கும். கழுத்துப்பட்டியின் உள்மடிப்பில் வியர்வையும் பவுடரும் சேர்ந்த பழுப்பு. வெள்ளை உள்துணியில் தேநீர் தெளித்ததுபோலப் புள்ளி புள்ளியாகக் கறை. ஈரக்காற்றும் பூஞ்சணமும் பல வருடம் செய்த வேலை, துவைத்தாலும் போகாது. உள்துணியில் மட்டும் இருந்தால் விலை குறையக் காரணம். முன்பக்கம் வரை வந்திருந்தால் வைத்துவிடுங்கள். பிறகு மடிப்பு விழுந்த இடத்தை இரண்டு விரலால் இலேசாக இழுத்துப் பாருங்கள். நம் பாட்டியின் கல்யாணப் புடவை மடிப்பிலேயே இற்றுப்போகுமே, அதே நோய் இதற்கும் உண்டு. கடைசியாக முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை நிழலில் காற்றாடப் போட்டால் குறையும். பூஞ்சண நாற்றம் பெட்டியில் இருக்கும் மற்ற துணிகளுக்கும் தொற்றும்.

இந்த இடத்தில் என் அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல்முறை தோஜி சந்தைக்குப் போனபோது கருகருவென்று ஒரு பட்டு என் கையில் சிக்கியது. வேறு ஒரு நிறம், ஒரு பூ கிடையாது. மார்பில் இரண்டு, கைகளின் பின்புறம் இரண்டு, முதுகில் ஒன்று என ஒரு ரூபாய் நாணய அளவில் ஐந்து வெள்ளை முத்திரைகள். என்ன அடக்கமான அழகு என்று 2,000 யென்னை நீட்டினேன். கடைக்கார அம்மாள் பணத்தை வாங்கவில்லை. கிமோனோவை என் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டு, இரு கைகளையும் கூப்பி, கண்களை மூடித் தலை குனிந்து காட்டினார். துக்க வீட்டுக்கு உடுத்துவது! ‘மோஃபுக்கு’ என்று அதற்குப் பெயர். பிறகு அவரே குவியலுக்குள் கையை விட்டு இன்னொரு கறுப்புக் கிமோனோவை உருவிப் போட்டார். அதே ஐந்து முத்திரைகள். ஆனால் இடுப்புக்குக் கீழே பொன்னிறத்தில் பைன் மரமும் கொக்குகளும். அது ‘குரோதோமேசோதே’, மணமக்களின் தாய்மார் கல்யாணத்தன்று உடுத்துவது. அதைத்தான் வாங்கினேன், கூடத்துச் சுவரில் தொங்குகிறது. முழுக் கறுப்புக் கிமோனோவில் கீழே சித்திரம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். மாமியாரின் பயம் உண்மையாகிவிடும் ஒரே இடம் இதுதான்.

1,000 யென்னுக்கும் 28,000 யென்னுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கடைக்காரர் சுத்தம் செய்து, அளவெடுத்துச் சீட்டு எழுதி மாட்டியிருப்பார். அதற்கு ஒரு பங்கு. மீதி, வேலைப்பாடு. கையால் வரைந்து சாயமேற்றிய யூஸென், அமாமி தீவில் நூலைச் சேற்றில் சாயமிட்டு நெய்த ஒஷிமா போன்றவை பழையதானாலும் விலை இறங்க அடம் பிடிக்கும். நம் போச்சம்பள்ளிபோல நூலைக் கட்டிச் சாயமிட்டு நெய்வதை அங்கே ‘கசுரி’ என்பார்கள். பின்புறம் திருப்பிப் பார்த்தாலும் கோலம் அதே தெளிவோடு இருக்கும். இதையெல்லாம் கண்ணால் பிரித்தறியப் பழக்கம் வேண்டும். முதல் கிமோனோவுக்கு 28,000 யென் கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி. அந்தப் பணத்தில் சந்தையில் நான்கு வாங்கி, மூன்றில் ஏமாந்து, நான்காவதில் கற்றுக்கொள்ளலாம்.

பருத்தியில் கோடு போட்ட பழைய துணி கண்ணில் பட்டால் சற்று நின்று பாருங்கள். கப்பலேறி ஜப்பானுக்குப் போன நம் சோழமண்டலக் கரைக் கோட்டுத் துணிக்கு அங்கே ‘சாந்தோமே’ என்று பெயர் விழுந்தது. மயிலாப்பூர் சாந்தோமேதான்! பிறகு அதைப் பார்த்து ஜப்பானியர் நெய்துகொண்டதற்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

உடுத்திப் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு டேப் கொண்டு போங்கள். பெண்களின் கிமோனோ ஏறத்தாழ உடுத்துபவரின் உயரத்துக்கு இருக்க வேண்டும். மிச்சத்தை இடுப்பில் மடித்துக் கட்டுவார்கள். பழையவை பல, இந்தக் காலத்து உயரத்துக்குக் குட்டை. பிடரி எலும்பிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள அளவுதான் முக்கியம். கடைச் சீட்டில் அதை ‘யுக்கி’ என்று குறித்திருப்பார்கள். நீளம் போதாவிட்டால் சமாளிக்கலாம், கை போதாவிட்டால் முடியாது. உடுத்தும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு. வெளிநாட்டுக்காரர் உடுத்தலாமா என்ற தயக்கம் உங்களுக்கு வந்தால், கியோட்டோ தெருவில் வாடகைக் கிமோனோவில் போகும் வெளிநாட்டுப் பயணிகளை ஒரு மணி நேரம் எண்ணிப் பாருங்கள், தயக்கம் போய்விடும்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். கிமோனோவைவிட ‘ஹவோரி’ உங்களுக்குப் பொருந்தும். கிமோனோவின் மேல் போடும், முன்பக்கம் திறந்த, தொடை வரை வரும் மேலங்கி. ஓபி என்கிற இடைப்பட்டை வேண்டாம், கட்டத் தெரிய வேண்டாம். கொடைக்கானல் குளிருக்குப் புடவையின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். 1960, 70களில் பிள்ளைகளின் பள்ளி விழாவுக்கு அம்மாக்கள் கறுப்பு ஹவோரி போட்டுக்கொண்டு போவது ஒரு மோஸ்தராக இருந்தது. அவை இன்று குவியலில் மலிவாகக் கிடக்கின்றன. ஆண்களின் ஹவோரி இன்னும் வேடிக்கை: வெளியே சாம்பல் அல்லது கறுப்பு, உள்துணியில் மலையும் புலியும். 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான எடோ காலத்தில் பகட்டாக உடுத்தக் கூடாதென்று அரசு தடை போட்டபோது வசதியான வணிகர்கள் பகட்டை உள்ளே கொண்டு போனார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்று எடுத்துப் பாருங்கள்.

சுடிதார் விஷயம். கிமோனோவில் வளைத்து வெட்டும் வேலை கிடையாது. சுமார் 36 செ.மீ. அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணியை நேர் நேராக எட்டுத் துண்டுகளாக வெட்டிக் கையால் தைக்கிறார்கள். தோளில் தையல் இல்லை. முன் விளிம்பில் தொடங்கும் துணி தோளைத் தாண்டிப் பின் விளிம்பு வரை ஒரே ஓட்டமாக ஓடும். பிரித்து, துவைத்து, விறைப்பாக இழுத்துக் காயவைத்து மறுபடி தைப்பதற்காகவே இந்த ஏற்பாடு. அம்மாவின் கிமோனோ பெண்ணுக்கு ஹவோரியாகி, பிறகு மெத்தை உறையாகிக் கடைசியில் தூசி துடைக்கும் துணியாக முடியும். ஆகவே தையலைப் பிரிப்பது பாவமில்லை. ஆனால் நல்ல நிலையில் இருப்பதில் கத்தரி வைக்காதீர்கள். கறைபட்ட 500 யென் கிமோனோவை இதற்கென்றே தனியாக வாங்குங்கள். அகலம் குறைவு என்பதால் குர்த்தாவின் நடுவில் ஒரு தையல் வரும், தையற்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். திருச்சி வெயிலுக்கு உள்துணி இல்லாத ‘ஹிதோயே’, அல்லது கொசுவலைபோல இழைவிட்டு நெய்த ‘ரோ’ கேளுங்கள்.

தண்ணீரில் நனைக்காதீர்கள். மேடு பள்ளமாகச் சுருக்கம் விழுந்த ‘சிரிமென்’ பட்டு இறுக முறுக்கிய இழையால் நெய்தது. நனைந்தால் முறுக்கு இழுத்துக்கொண்டு முழக்கணக்கில் சுருங்கிவிடும். பிளாஸ்டிக் பையிலும் கட்டி வைக்காதீர்கள். பழைய வேட்டியில் சுற்றி பீரோவில் வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் நிழலில் காற்றாட விடுங்கள். கற்பூரத்தையும் அந்துருண்டையையும் சேர்த்துப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் உருகிக் கறையாகும், ஏதாவது ஒன்று போதும்.

சந்தைக்கு 1,000 யென் நோட்டுகளாக மாற்றிக்கொண்டு போங்கள். ஷித்சுகே நூலோடு ஒன்று கிடைத்துவிட்டால் அங்கேயே உருவிவிடாதீர்கள். அப்படியே திருச்சிக்குக் கொண்டு வந்து மாமியார் மடியில் போடுங்கள். முதல் நூலை அவரே உருவட்டும்.