ஹெல்மெட்டுக்குள் என்ன கட்டுவது?

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) வேலை. வேலைக்குச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். காலையில் வேர்வை கண்ணில் இறங்கி எரிகிறது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து ஒன்றரை மணிக்குத் திரும்பும்போது வகிடும் பின்கழுத்தும் வெந்துபோகின்றன. பேஸ்பால் தொப்பிக்கு மேல் ஹெல்மெட் போட்டால் உச்சியில் குத்துகிறது. அம்மா பால்மரம் வெட்டியவர். "துண்டைக் கட்டிக்கிட்டு மேல ஒரு தொப்பியப் போடு, ஹெல்மெட் எதுக்கு?" என்கிறார். கடையில் நெற்றிப்பட்டை, குழாய்த்துணி, சைக்கிள் தொப்பி என்று பலதும் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அம்மா சொல்வதில் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பின்கழுத்தை மூடித் துணி தொங்க வேண்டும் என்பது சரி. விடியுமுன் நிரையில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் பாலெடுத்து முடித்தவர் அவர். மரநிழலில் நடந்து செய்யும் வேலைக்குத் தடித்த துண்டு பொருந்தியது, கொசுவுக்கும் அதுவே காப்பு. நீங்கள் போவது லோரி ஓடும் திறந்த தார்ச்சாலை. அங்கே ஹெல்மெட்டை விட்டுவிடு என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. வெக்கையைச் சொல்லிப் பந்தய வீரர்களே நெடுங்காலம் ஹெல்மெட்டை மறுத்து வந்தார்கள். 2003 பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கசக்ஸ்தான் வீரர் அந்திரேய் கிவிலேவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனார். அந்த ஆண்டே அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் பந்தயங்களில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

அப்படியானால் ஹெல்மெட்டுக்கு அடியில் என்ன? மெல்லியதாக எது கிடைக்கிறதோ அது. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காற்றில் உலர்ந்து போகும்போதுதான் குளிர்கிறது. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் உலராது. சைக்கிள் ஓடும்போது முகத்தில் அடிக்கும் காற்றுதான் நமக்கு இருக்கும் ஒரே உதவி. கவனித்திருப்பீர்கள், ஓட்டும்போது இல்லாத கண் எரிச்சல் சிவப்பு விளக்கில் நின்றவுடன் வரும். காற்று நின்றுவிட்டது, வியர்வை நிற்கவில்லை. தடித்த துண்டு ஹெல்மெட்டின் காற்றுத் துளைகளை அடைத்துவிட்டு, ஈரத்தைத் தலையோடு பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய துணி நனைந்தாலும் அதன் வழியாகக் காற்று புகும், அந்த ஈரமே தலையைக் குளிர்விக்கும்.

இன்னொன்று பாதுகாப்பு. ஹெல்மெட்டின் விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் மட்டமாக உட்கார வேண்டும். அடியில் தடிப்பாக ஏதாவது இருந்தால் அது மேலே தூக்கிக்கொண்டு பின்னால் சரியும், விழும்போது நெற்றி திறந்து கிடக்கும். பேஸ்பால் தொப்பியின் உச்சியில் ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா, உங்களைக் குத்துவது அதுதான். விழுந்தால் அதே பொத்தான் மண்டையில் அழுந்தும். அதை இனிமேல் உள்ளே போடவே வேண்டாம்.

சனிக்கிழமை வெயிலுக்கு வருகிறேன். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் நேரத்தைச் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்க அரைமணி நேரம் முன்தள்ளினார்கள். அதனால் சுங்கை சிப்புட்டில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகால் மணி வாக்கில். நீங்கள் கிளம்பும் ஒன்றரை மணிதான் நாளின் மிகக் கடுமையான வெயில். நம் நாட்டில் நடுப்பகலில் புற ஊதாக் குறியீடு, அதாவது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் எண், 11ஐத் தாண்டுவது சாதாரணம். உலகச் சுகாதார நிறுவனம் 11ஐயும் அதற்கு மேற்பட்டதையும் மிகக் கடுமை என்கிறது, 3லிருந்தே காப்பு தேவை என்கிறது. நம் கறுத்த தோல் கொஞ்சம் தாங்கும், முழுக்கத் தாங்காது. முடிந்தால் அன்றைக்கு மட்டும் மூன்று மணிவரை அலுவலகத்திலேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள். எந்தத் துணியும் செய்யாததை அது செய்யும்.

கடையில் காட்டியவற்றில், நெற்றிப்பட்டை கண்ணைக் காக்கும். உள்பக்கம் சிலிக்கோன் வரி ஓடும் வகையாக இருந்தால் வியர்வையைக் காதோரமாகத் திருப்பிவிடும். ஆனால் வகிட்டுக்கு அது எதுவும் செய்யாது, ஹெல்மெட் துளை வழியாக வெயில் நேராக இறங்கும். உங்களுக்கு நான் சொல்வது சைக்கிள் தொப்பி. மெல்லிய பருத்தி, பொத்தான் கிடையாது, முன்னால் சின்ன விளிம்பு. லிந்தாங் பக்கம் போகும்போது காலைச் சூரியன் எதிரே, சாயங்காலம் திரும்பும்போதும் எதிரே. இரண்டு வேளையும் அந்தச் சின்ன விளிம்பு கண்ணுக்கு நிழல் தரும், நாலு மணி மழையிலும் உதவும். கழுத்துக்குக் குழாய்த்துணியைத் தளர்வாக மாட்டிக்கொள்ளுங்கள், மூக்குக்கு மேல் இழுக்காதீர்கள். துணியின் வெயில் காப்பு அளவாக யுபிஎப் 50 என்று அச்சிட்டிருந்தால் ஐம்பதில் ஒரு பங்குப் புற ஊதாக் கதிர்தான் உள்ளே வரும் என்று பொருள். சாதாரண வெள்ளைப் பருத்தி நனைந்துவிட்டால் அதன் காப்பு குறைந்துவிடும்.

சைக்கிள் தொப்பி கிடைக்காவிட்டால் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அனாக் துடோங் கேளுங்கள். மலாய்ப் பெண்கள் துடோங் என்ற முக்காட்டுத் துணிக்குள் போடும் மெல்லிய, இழுபடும் உள்தொப்பி. சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும், ஹெல்மெட்டுக்கு அடியில் அது இருப்பதே தெரியாது. நம் பெண்கள் இதைத் தாராளமாக வாங்கிப் பயன்படுத்தலாம். விளிம்பு இல்லாததுதான் அதன் ஒரே குறை.

கொண்டை போடுகிறீர்களா என்று எழுதவில்லை. கொண்டை ஹெல்மெட்டைத் தூக்கிவிடும். தாழ்வாகப் பின்னி, ஹெல்மெட்டின் பின்பட்டைக்குக் கீழே விடுங்கள். தேங்காயெண்ணெய் காலையில் வேண்டாம், இரவு தேய்த்துக் காலையில் அலசுங்கள். வியர்வையோடு எண்ணெயும் சேர்ந்து இறங்கினால் எரிச்சல் கூடும். வெயில் களிம்பையும் தொப்பி மூடும் நெற்றியில் பூசாமல் கன்னம், மூக்கு, காது, கழுத்தில் மட்டும் பூசுங்கள்.

தொப்பி குறைந்தது இரண்டு வாங்குங்கள், அன்றன்றே துவைக்க வேண்டியிருக்கும். உப்பேறிய துணி விறைத்து நெற்றியை அறுக்கும். குழாய்த்துணி பாலியெஸ்டர் என்றால் துணி மென்மையாக்கும் திரவத்தில் நனைக்காதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சிக் கடத்தும் குணத்தைக் கெடுத்துவிடும். ஹெல்மெட் புதிதாக வாங்குவதானால் தொப்பியை மாட்டிக்கொண்டு, தலையையும் பின்னிக்கொண்டு கடைக்குப் போங்கள். போட்டுப் பார்த்து, தாடைப்பட்டையை மாட்டித் தலையை வேகமாக ஆட்டுங்கள். அசைந்தால் அடுத்த சிறிய அளவைக் கேளுங்கள்.

அன்புடன்