யாழ்ப்பாணத்தில் தனியார் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பிரசவ லீவு எத்தனை நாள்? தகப்பனுக்கும் உண்டா?

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 84 நாள், முழுச் சம்பளத்துடன். முன்பு மூன்றாம் பிள்ளைக்கு 42 நாள்தான். 2018 திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. பழைய கணக்கைச் சொல்லும் முதலாளிமார் இன்னும் இருக்கக்கூடும்.

அதிகம் பிழை விடுவது நாள் எண்ணுவதில்தான். வாராந்த விடுமுறை, போயா (பௌர்ணமி) விடுமுறை, சட்டப்படியான விடுமுறை எதுவும் 84க்குள் சேராது. நாட்காட்டியில் தொடர்ச்சியாக எண்ணினால் இரண்டு கிழமைக்கு மேல் இழப்பீர்கள். கஸ்தூரியார் வீதி நகைக்கடையோ சுன்னாகத்துப் புடவைக்கடையோ, சட்டம் ஒன்றுதான்.

லீவை வாய்ச்சொல்லாகக் கேட்க வேண்டாம். பிரசவத்துக்கு உத்தேசித்த திகதியை எழுதி, மருத்துவச் சான்றிதழின் பிரதியுடன் கொடுத்து, ஒரு பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். நியமனக் கடிதம் இல்லாதவர்கள் சம்பளச் சிட்டை, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பதிவு போன்றவற்றைச் சேர்த்து வையுங்கள். வேலை செய்ததையே மறுத்தால் அவைதான் சாட்சி. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலைநீக்கம் செய்ய முடியாது. முறைப்பாட்டை யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்தில் கொடுக்கலாம்.

தகப்பனுக்கு? அரச ஊழியருக்கு 3 நாள். தனியார் துறையில் சட்டம் எதையும் கட்டாயமாக்கவில்லை, முதலாளியின் மனசுதான்.

கொள்கையின் பெரிய ஓட்டை வேறிடத்தில் உள்ளது: லீவுச் சம்பளம் முழுவதும் முதலாளியின் தலையில். மூன்று பேர் வேலை செய்யும் சிறுகடைக்கு அது பாரம். அதனால் இளம் பெண்களை எடுக்கவே தயங்குகிறார்கள். பல நாடுகளில் இச்செலவைச் சமூகக் காப்புறுதி நிதி ஏற்கிறது. நாள்களைக் கூட்டுவதற்கு முன் இங்கும் அதைத்தான் செய்ய வேண்டும்.