மட்டக்களப்பிலிருந்து இரத்மலானைக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

திமிலைதீவில் உள்ள மட்டக்களப்பு விமான நிலையத்திலிருந்து, கொழும்புக்குத் தெற்கே விமான நிலையம் உள்ள இரத்மலானைக்கு வான்வழி நேர்த்தூரம் ஏறத்தாழ 221 கிலோமீட்டர். சர்வதேச விமான நிலையம் உள்ள கட்டுநாயக்காவுக்கு 206 கிலோமீட்டர். தரைவழியில் கொழும்புக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருப்பதற்குக் காரணம், வீதி மத்திய மலைநாட்டைச் சுற்றிச் செல்வதே.

மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் செஸ்னா கரவன் போன்ற சிறு விமானத்துக்குக் கணக்குப்படி 44 நிமிடங்கள் போதும். ஆயினும் மேலெழுவதற்கும் இறங்குவதற்கும் வேகம் குறைவதால் 50 நிமிடங்கள் முதல் ஒரு மணித்தியாலம் வரை எனக் கொள்வதே சரி. வாவியைத் தாண்டியதும் வயல்வெளி. நேர்கோட்டில் பறந்தால் பாதி வழியில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்மித்துச் செல்வீர்கள். அங்கே மலையுச்சிகளுக்கு மேலே பாதுகாப்பான உயரம் பேண வேண்டும் என்பதோடு, தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை எதிர்காற்றும் சேர்வதால், கொழும்புப் பக்கம் போகும் பயணம் திரும்பி வருவதைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக எடுக்கும்.

சிறு விமானங்களில் எடைக் கட்டுப்பாடு மிக முக்கியம். பயணப்பையை மட்டுமன்றிப் பயணியையும் தராசில் ஏற்றி நிறுப்பதுண்டு. நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர்கள் பறக்கும் நேரத்தையும், இரத்மலானையிலிருந்து நகருக்குள் செல்லும் வாகன நெரிசலையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.