பில் யார் பெயரில் போட வேண்டும்?

கேள்வி: நான் காட்பாடிக்காரன். கேட்டரிங் படித்து, சென்னையில் ஓர் ஓட்டல் பாரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ரிசப்ஷன்களில் மது கலக்காத மாக்டெயில் கவுண்டர் போடுகிறேன். கம்பெனி விழாக்களுக்கும் கூப்பிடுகிறார்கள். அவ்வப்போது பெங்களூரு பார்ட்டிகளுக்கு பார்டெண்டராகப் போவதும் உண்டு. வேலைக்குக் குறைவில்லை, பணம்தான் கைக்கு வருவதில்லை. ஓர் ஈவென்ட் மேனேஜர் மூன்று கல்யாணத்துப் பாக்கியை நான்கு மாதமாக இழுத்தடிக்கிறார். "பில் எல்லாம் நீட்டினால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள்" என்கிறார் மாமா. பில் எப்படிப் போடுவது? ஜிஎஸ்டி வேண்டுமா?

பதில்: தம்பி, மாமா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். கல்யாண வீட்டில் பூக்காரருக்கும் பந்தல்காரருக்கும் கணக்கு எழுதித்தான் பணம் தருகிறார்கள். உங்கள் வேலையும் அப்படிப்பட்ட வேலைதான்.

பில்லில் என்ன எழுதுவது என்பதைவிட, அது யார் பெயரில் போக வேண்டும் என்பதைத்தான் நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும். ரிசப்ஷன் மாப்பிள்ளை வீட்டுச் செலவு, முகூர்த்தம் பெண் வீட்டுச் செலவு என்று பிரித்திருப்பார்கள். உங்களைக் கூப்பிட்டது மாப்பிள்ளையின் நண்பர், பேரம் பேசியது சித்தப்பா, மண்டபத்தில் வேலை வாங்கியது கேட்டரிங்காரர். ராத்திரி கவுண்டரைக் கழற்றும்போது ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். அந்த நேரத்தில் யாரோடு மல்லுக்கட்டுவீர்கள்?

அதனால் தேதி கொடுக்கும் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். எந்த மண்டபம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை பேருக்கு, பழமும் சிரப்பும் ஐஸும் யார் பொறுப்பு, கிளாஸ் உடைந்தால் யார் கணக்கு, மொத்தம் எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, பேலன்ஸ் தருபவர் யார், என்றைக்குத் தருவார். 300 பேர் என்று சொல்லி 450 பேர் வந்து நிற்பது நம் ஊரில் சகஜம். கூடுதல் கிளாஸுக்கு என்ன விலை என்பதையும் அதிலேயே போடுங்கள். பணம் தரவேண்டியவரிடமிருந்தே "சரி" என்று பதில் வர வேண்டும், நண்பரிடமிருந்து வந்தால் போதாது. அது வந்த பிறகு அட்வான்ஸ் வாங்குங்கள், பாதியாவது வாங்குங்கள்.

பில் போடும்போது இந்த மெசேஜைப் பார்த்தே எழுதிவிடலாம். உங்கள் பெயர், முகவரி, பான் எண், பில் எண், தேதி, பணம் தருபவர் பெயர், விழா நடந்த நாள், இடம். கீழே உங்கள் கூலி, உதவிப் பையன்களின் சம்பளம், பொருள் செலவு, வண்டி வாடகை என்று தனித்தனி வரிகள். வாங்கிய அட்வான்ஸைக் கழித்து மீதி, கடைசித் தேதி, வங்கிக் கணக்கு விவரம். மொத்தமாக ஒரு தொகையை மட்டும் எழுதினால் ரவுண்டாகக் குறைக்கச் சொல்வார்கள், பிரித்து எழுதினால் எதைக் குறைப்பது என்று யோசிப்பார்கள். வீட்டுக் கல்யாணங்களுக்குக் கடன் வேண்டாம் என்பது என் கருத்து. கவுண்டர் திறக்கும் முன்பே பேலன்ஸ் வந்துவிட வேண்டும். மறுநாள் அவர்கள் மொய்க் கணக்கிலும் மறுவீட்டிலும் இருப்பார்கள், உங்கள் போனை யார் எடுப்பார்?

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல், ஷூ கம்பெனிகளில் நடைமுறை வேறு. அங்கே அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு பில் போனால்தான் பணம் நகரும். ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, வருஷத்துக்கு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ, ஒப்பந்த வேலைக்கு 1% டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அது உங்கள் பெயரில் கட்டப்படும் வரி, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கணக்கில் வரும். பான் எண் தராவிட்டால் 20% பிடித்துவிடுவார்கள், கவனம்.

ஜிஎஸ்டி பற்றிக் கவலை வேண்டாம். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். வரவு என்றால் லாபம் என்று நினைத்துவிடாதீர்கள், பில் போட்ட மொத்தத் தொகை. வெளிமாநில வேலை என்பதற்காக மட்டும் அந்த வரம்புக்குள் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி சேர்க்கவே கூடாது.

பெங்களூரு வேலைக்கு உங்கள் கூலியை மட்டும் எழுதுங்கள். சரக்கும் உரிமமும் விழா நடத்துபவர் பொறுப்பு. பாட்டில் விலை உங்கள் பில்லில் ஏறினால் நீங்கள் மது விற்றதாக ஆகிவிடும். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில்தான் இருக்கிறது. "பாட்டிலும் நீயே கொண்டு வா" என்று வேலூரில் யார் கேட்டாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

இனி அந்த மேனேஜர். மூன்று கல்யாணத்துக்கும் மூன்று பில், இந்த வாரமே. பழைய வாட்ஸ்அப் பேச்சு, போட்டோ, வண்டிச் செலவு ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பில்லோடு, 15 நாளில் தரும்படி மரியாதையாக ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருஷ அவகாசம்தான், நாளைக் கடத்தாதீர்கள்.

கூடவே சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவையும் செய்துவிடுங்கள். ஆதார், பான் இருந்தால் இணையத்தில் இலவசம், யாருக்கும் பணம் தர வேண்டாம். பதிவுக்குப் பிறகு செய்யும் வேலைகளுக்கு 2006-ஆம் வருஷக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் துணை நிற்கும். எழுதிய ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. இந்த விதியை உங்கள் பில்லின் அடியில் ஒரு வரியாக அச்சடித்துவிடுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அந்த மேனேஜர் கூப்பிட்டால், பழைய பாக்கி கணக்கில் ஏறிய பிறகு தேதி தருகிறேன் என்று சொல்லுங்கள்.